மூன்றாம் எண் மேசை

புன்டா அரீனாஸில் காற்றுக்குக்
கதவு தட்டத் தெரியாது.
அன்று அதன் பின்னாலேயே அவளும் நுழைந்தாள்.
பதிவேட்டில் 'துறை' என்ற கட்டத்தில்
நண்டு என்று எழுதினாள்.
பெயர் எடுவீனா ஒயார்சோ.
ரப்பர் பூட்ஸ். விரலெல்லாம் ஓடு கீறிய கோடுகள்.

சட்டக் கல்லூரி நூலகத்தில் பொதுமக்களுக்கு
மூன்றாம் எண் மேசை,
ஒரு கணினி, நாளுக்கு இரண்டு மணி நேரம்.
நகல் இருபது பக்கம் வரை இலவசம்.
பூதக்கண்ணாடி கேட்டால் கிடைக்கும்,
பேனா கூடாது, பென்சில்தான்.

எனக்கும் ஒரு விதி உண்டு:
சட்டம் எந்த அலமாரியில் என்று சொல்லலாம்,
என்ன சொல்கிறது என்று சொல்லக் கூடாது.
சொன்னால் நான் வக்கீலாகி விடுவேனாம்,
பட்டமும் இல்லாமல் பீஸும் இல்லாமல்.

"கழிப்பறைக்குப் போனேன், வேலை போச்சு.
அவன் என்னைப் போகவிட்டிருக்கணுமா, வேண்டாமா?"
"தொழிலாளர் சட்டம் இரண்டாம் தளம், இடப்பக்கம்" என்றேன்.
விலை கேட்டால் கடலின் பெயரைச் சொல்லும்
மீன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

திரையில் தேடினாள். ஒற்றை விரலால்.
இடைவேளை தரலாம், என்றது திரை.
லாம்.
அந்தச் சின்ன வாலைப் பிடித்துக்கொண்டு
எத்தனை முதலாளிகள் கரையேறியிருப்பார்கள்.
அவள் பையை மூடினாள்.

நான் சொன்னது இவ்வளவுதான்:
திரையில் இருப்பது இன்றைய சட்டம்.
உங்களை அனுப்பியது மார்ச் பத்தொன்பது.
ரத்தான சட்டங்கள் நிலவறையில் இருக்கின்றன.
அலமாரிச் சக்கரம் இறுகிக் கிடக்கும்,
சேர்ந்து சுற்றுவோம்.

இது ஆலோசனை ஆகுமா?
இடம் சொன்னேன். அவ்வளவுதான்.

கீழே, மாதவாரியாகக் கட்டிய அரசிதழ்களுக்கு நடுவே
குளிரில் நின்றே படித்தாள்,
வாயசைத்து, வரிக்கு வரி விரல் நகர்த்தி.
நான் மேலேறும் படியில் கால் வைத்தபோது கூப்பிட்டாள்.
ஜனவரியில் பிறந்து ஜூனில் இறந்த ஓர் ஆணை.
இடைவேளை தர வேண்டும்.
ஐந்தே மாதம் உயிரோடிருந்த ஒரு 'வேண்டும்'.

"செத்த சட்டம்தானே இது? பேசுமா?"

என் நாக்கு நுனி வரை வந்தது.
மேலே போனேன்.
சட்ட அகராதியை எடுத்து வந்து
அமலில் இருந்த காலம் என்ற பதிவில் விரித்து
அவள் பக்கத்தில் வைத்துவிட்டு,
பழுதாகாத நகல் இயந்திரத்தைப்
பழுது பார்க்கப் போனேன்.

எதிர்மேசையில் தேர்வுக்குப் படித்த லியான்ட்ரோ
நண்டு வாடைக்கு மூக்கைப் பொத்தி இடம் மாறினான்.
பிறகு என்ன தோன்றியதோ,
எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல்
அவளிடம் ஸ்டேப்ளரை நீட்டினான்.

வழக்கு என்ன ஆயிற்று, தெரியாது.
தீர்ப்புகள் எங்களுக்குத் தொகுதியாகத்தான் வரும்,
அதுவும் இரண்டு வருடம் கழித்து,
பெயர்களைச் சுருக்கி.

வெள்ளிக்கிழமை வேறு இரண்டு பெண்கள் வந்தார்கள்.
அதே பூட்ஸ். ஒருத்தியின் உள்ளங்கையில்
தொகுதி எண், பக்க எண், மார்க்கர் மையில்.
எதுவும் கேட்கவில்லை. நேரே நிலவறைக்குப் படியிறங்கினார்கள்.

மாதக் கடைசியில் இருப்புச் சரிபார்ப்பு.
அந்தத் தொகுதியை எடுத்து முகர்ந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கடல்,
ஓரத்தில் ஈரம் காய்ந்த ஒரு கட்டைவிரல்.
படிவத்தில் நிரப்பினேன்:
சேதம் — இல்லை.
குறிப்பு — அலமாரிச் சக்கரத்துக்கு
எண்ணெய் போட வேண்டும்.