பீர் முகமது கடையில் மூன்று பெட்டிகள்

அலமாரியில் ஓர் இடம்தான் பாக்கி.
ஜெய்ஹிந்துபுரத்து வீட்டுக்காரர் போன வாரமே
பரணைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல்
இறங்கிப் போனார்.
பதினொன்று ஆகிவிட்டது.
பன்னிரண்டாவதை யோசித்து எடுக்க வேண்டும்.

"மூணு வந்துருக்கு, குபேந்திரன் வர்றதுக்குள்ள வாங்க."
மீட்டர் ரீடிங் பாதியில் நிற்க
சிம்மக்கல் போனேன்.
சாக்கை விலக்கினால்

முதலில் ரப்பர் விசைக்காரி.
டைரி அளவு, அரைக் கிலோ.
விசைகள் ஊறிப்போன அப்பளம்.
உள்தகடு விரிசல் விட்டிருக்கும்;
கோயம்புத்தூரில் ஒருவர் புதிதாக அச்சடித்துத் தருகிறார்,
மூன்று மாதம் போனை எடுக்க மாட்டார்.

அடுத்தது பள்ளிக்கூடத்துப் பெட்டி.
முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பு எண்.
நான்கு கிலோ.
பிளக்கைச் சொருகிய பத்தாம் நிமிடம்
மின்தேக்கி வெடித்து
கருவாட்டு வாடையில் புகை விடும்.
தெரியும், என்னிடம் இரண்டு இருக்கின்றன.
ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் நாற்பத்தேழு பேர்,
இது ஒன்று.
வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு எழுத்து.
என் முறை வந்தபோது
நிரலில் வந்தது ஒரு கமா.

மூன்றாவது குவைத்துக்காரன்.
தொண்ணூறில் சண்டைக்குத் தப்பி வந்த மேலூர்க்காரர்
போர்வையில் சுற்றி எடுத்துவந்தாராம்.
மகன் எடைக்குப் போட்டுவிட்டான்.
ஒவ்வொரு விசையிலும் இரண்டு எழுத்து,
ஒன்றுதான் எனக்குப் படிக்கத் தெரியும்.

குபேந்திரன் ஞாயிறுதோறும் வருவார்
தெற்குமாசி வீதியிலிருந்து.
பலகைகளை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பவர்.
பத்துப் பெட்டிக்கு ஒரு குண்டுமணி தேறுமோ என்னவோ.
நான் விட்டது அவருக்கு.
இன்று வெள்ளி. கையில் இரண்டாயிரம்.

கடை டிவியில் அழுதுகொண்டிருந்த மருமகளை அணைத்துவிட்டுக்
குவைத்துக்காரனைச் சொருகினேன்.
நீலத் திரை. வெள்ளைச் சதுரம் ஒன்று
சும்மா நின்றது.

பீர் முகமது கண்ணாடியைக் கைலியில் துடைத்துக் குனிந்தார்.
"அலிபு" என்றார்.
விரல் இடப்பக்கமாய் நகர்ந்தது.
"லாமு. பே. யே. சீனு. ஷீனு...
யாரும்மா இத இப்பிடிக் கலச்சுப் போட்டது?
ஓதப் போற பிள்ளைக பாத்தா
தப்பாவுல்ல படிச்சுப்புடும்."
அலிபை அழுத்தினார்.
திரையில் ஆங்கில ஹெச் விழுந்தது.
என்னைப் பார்த்தார், நான்தான் மாற்றிவைத்தது போல.

எனக்கும் வழி தெரியவில்லை.
அவரே ஓரத்து விசையை எழுத்துக் கூட்டினார்:
"இதுலதான் போட்டுருக்கே, அரபின்னு."
தட்டினார்.
சதுரம் ஒரே தாவலில் வலக்கோடிக்குப் போனது.
இந்த முறை அலிபு, நட்டு வைத்த குச்சி மாதிரி.
அப்புறம் லாம். அப்புறம் வேறென்னவோ.
பித்தளை விற்க வந்தவன் வாசலில் காத்திருந்தான்.

தராசில் வைக்கவில்லை.
"எதிர்த்தட்டுல என்னத்த வைக்கிறது?"
என்று தனக்கே சொல்லிக்கொண்டு
ஆயிரத்தைந்நூறு மட்டும் எடுத்துக்கொண்டார்.

மிச்சம் ஐந்நூறு.
ரப்பர்க்காரி முந்நூறு.
மீட்டர் பைக்குள் கார்டுகளுக்கு நடுவே பதிந்துகொண்டாள்.
அரைக் கிலோவுக்கு
வீட்டுக்காரர் என்ன சொல்லிவிடப் போகிறார்?

பள்ளிக்கூடத்துப் பெட்டியைச் சாக்கால் மூடுமுன்
கமாவை ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்.
உள்ளே இறங்கி
உடனே எழுந்து வந்தது.