ஏழாவது அட்டை

ஜூன் முழுக்க எங்கள் எல்கேஜியில்
பாடமே கிடையாது.
செருப்பைக் கழற்று, ஜோடியாக வை.
பையை உன் படத்துக்குக் கீழே மாட்டு.
தஷ்விகாவுக்கு அன்னாசிப் பழம், கிருத்திஷுக்கு ஆமை.
ஆமை வேண்டாமென்று அவன் இரண்டு நாள் அழுதான்.
ஒன்றுக்கு வந்தால் சுண்டுவிரல்.
முன்னால் நிற்பவர் சட்டையைப் பிடித்தால் ரயில்.
ரயில் குழாயடியில் நிற்கும்.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு.
சோப்பை நக்கக் கூடாது.

பி.ஏ. வரலாறு படித்தவள் நான்.
பானிப்பட்டுப் போர்களின் தேதிகளை
ஒப்பித்த அதே குரலில்
நாளுக்கு நான்கு முறை, முப்பத்தோரு பேருக்கு
இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்து எங்களுடையது.
மண்டிக்கு வரும் மினி லாரிகள்
பின்னால் நகரும்போது பாடும் பாட்டை
வகுப்பே சேர்ந்து பாடும்.
முடிந்த பிறகுதான் என் குரல் எடுபடும்.

கதவுதான் தீராத வழக்கு.
இரும்புக் கதவு. ரயிலின் கடைசிப் பெட்டி
யாராக இருந்தாலும் அறைந்துதான் சாத்தும்.
பக்கத்து யுகேஜியில் எண்ணிக்கொண்டிருப்பவர்கள்
பதினேழிலிருந்து மறுபடி ஒன்றுக்குப் போவார்கள்.
"மெதுவா" என்றேன்.
"பூ மாதிரி" என்றேன்.
பூவைப் பிய்ப்பதும் அப்படித்தானே அவர்களுக்கு.

ஜூலையில் அட்டைகள் வந்தன,
வழவழவென்று ஏழு.
சூரியன் வருகிறது, பையன் எழுகிறான்.
பல் துலக்குகிறான். ஷவரில் குளிக்கிறான்.
மேசையில் சாப்பிடுகிறான்.
மஞ்சள் பஸ். மாலையில் பந்து.
ஏழாவதில் நிலா, போர்வை, தூக்கம்.
சரியாக அடுக்கினால் ஒரு நாள்.

தஷ்விகா குளியலைக் கீழே வைக்கவே இல்லை.
"இது தண்ணி வர்ற அன்னிக்கு மட்டும் மிஸ்."

கிருத்திஷ் ஏழாவதை எடுத்து
சூரியனுக்குப் பக்கத்தில் வைத்தான்.
நான் எடுத்துக் கடைசியில் வைத்தேன்.
அவன் எடுத்து மறுபடி அங்கேயே வைத்தான்.
மூன்றாம் முறை என் விரலைத் தட்டிவிட்டு
பொறுமையாக, எனக்குப் புரியும் வேகத்தில் சொன்னான்:
அப்பா லீ பஜார்லேர்ந்து வருவாரு.
ராத்திரி பூரா மூட்டை எறக்குவாரு.
சட்டையக் கழட்டுனா மொளகா நெடி, எல்லாரும் தும்முவோம்.
அப்பா தூங்கிருவாரு.
அப்புறந்தான் நான் பல்லு வெளக்கணும்,
கொப்புளிக்கிற சத்தம் கேக்காம.

"அப்ப கதவு?" என்றேன்.
"கதவு சத்தம் கேக்காதா?"

எழுந்து போனான்.
இடது உள்ளங்கையை நிலையில்
மெத்தை போல ஒட்டவைத்தான்.
வலது கையால் தாழ்ப்பாளின் மூக்கைத் தூக்கிப் பிடித்தான்.
கதவைத் தோளால் கொண்டுவந்தான்.
மூச்சை நிறுத்தியிருந்தான் என்பது
கன்னம் உப்பியதில் தெரிந்தது.
கடைசி ஒரு விரற்கடையில்
உள்ளங்கையை உருவிக்கொண்டான்.

கதவு மூடியிருந்தது.
எப்போது மூடியது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் முப்பது பேருக்கும் அது வேண்டும்.
ரயில் கதவடியில் நின்றது, எண் பாடம் போனது.
விரல் நசுங்கிவிடுமோ என்று
பாவாயி அக்கா பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள்.
நடுவில் ஒரு மினி லாரி
சந்துக்குள் பின்னால் வந்து பாடியது.
யாரும் கூடப் பாடவில்லை.

முன்னேற்ற அட்டையில் 'வரிசைப்படுத்துதல்' என்று ஒரு கட்டம்.
அதில் அவன் பெயருக்கு நேரே
பென்சிலால் ஒரு டிக் போட்டேன்,
கேட்டால் அழித்துக்கொள்ளலாமென்று.

அஸ்தம்பட்டியில் ஒற்றை அறை என்னுடையது.
உள்ளே தூங்குகிறவர் யாருமில்லை.
அன்று இரவு தாழ்ப்பாளின் மூக்கைத்
தூக்கிப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

மறுநாள் செருப்புகள்
இடம் வலம் மாறிக் கிடந்தன.
கிருத்திஷ் மறுபடி அன்னாசி கேட்டு அழுதான்.
சோப்பில் யாருடையதோ
நான்கு பற்கள் பதிந்திருந்தன.