பக்கத்து இருக்கையின் தரை

ரெஜிஸ் வாயாபூரி என்று பெயரைச் சொன்னான்.
பில் புத்தகத்தில் வையாபுரி என்று எழுதிக்கொண்டேன்.
அது பழனியின் பெயர் என்று அவனுக்குத் தெரியாது.
கேட்கவும் இல்லை. டர்போ வண்டிக்காரர்கள்
விலையைத்தான் கேட்பார்கள்.

பிக்கப்பை ஏற்றி அடியில் படுத்தேன்.
டர்போவிலிருந்து இறங்கும் குழாய்
பக்கத்து இருக்கைக்கு நேர் கீழே ஓடுகிறது.
நடுவில் இருக்கவேண்டிய தகரக் கவசம் இல்லை.
எங்கே?
சிலாவோஸ் போகிற மலையில், ஏதோ ஒரு வளைவில்.
நானூறு வளைவு அய்யா அந்த ரோட்டில்.
ஆறு மாசமாச்சு என்றான், அதுதான் பதில் மாதிரி.

பின்னால் ஏற்றுகிற பருப்பு மூட்டைக்கு
ஒன்றும் ஆகவில்லையாம்.
பிறகு ஸ்பானரை எடுத்துப் பார்த்து
அதே இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னான்:
ஜோஸ்லினுக்குக் குதிகால் வெந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.
ரப்பர் விரிப்பில் ஒரு குதிகால்,
ஈரச் சிமெண்டில் மிதித்தாற்போல
ஆழமாகப் பதிந்து கிடந்தது.

தை மாதம் தீ மிதிக்கிறவள்தானே,
இதற்கா இவ்வளவு என்று சிரித்தானாம் இவன்.
அந்த நெருப்பை நான் கேட்டு வாங்கினேன்,
இதை நீ சொல்லாமல் கொடுத்தாய் என்றாளாம்.
அன்றிலிருந்து அவள் பஸ்ஸில்.

பட்டையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன்.
கல்லை உருக்கி நூலாக இழுத்து நெய்தது.
பெட்டியின் மேல் எரிமலைப் படம்.
இந்தத் தீவே அந்தக் கல்தான்,
ஆனாலும் கப்பலில் வந்து
நாற்பத்தெட்டு யூரோவுக்கு விற்கிறது.

ஈரத்தோடு இழுத்துச் சுற்றவேண்டும்,
ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று கால் அங்குலம் ஏறி.
தளர்ந்தால் பயனில்லை.
வளைவில் கை திரும்பாது, முழங்கை அரிக்கும்,
நான்கு நாள் அரிக்கும்.
டர்போவுக்குத் தனியாக ஒரு போர்வை.
குளிரில் கிடப்பவருக்குப் போர்த்துகிற மாதிரிதான்,
உள்ளே தொள்ளாயிரம் டிகிரி.
சூட்டை அணைக்கிற வேலை இல்லை இது.
போகிற வழியிலேயே போ என்று சொல்கிற வேலை.

ஏறிப் பார்க்கலாம் என்றேன்.
வெறுங்காலோடு அந்த இருக்கையில் நான்.
ஒற்றை வண்டி நுழையும் குகைக்கு முன்னால்
எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது
பானெட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை.
ரெஜிஸ் கதவைத் திறக்கப் போனான்.
உட்கார், முதல் தடவை அப்படித்தான்.
தரை வெதுவெதுவென்று இருந்தது,
அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் சாவியைத் திருப்பப் போனவனின்
மணிக்கட்டைப் பிடித்தேன்.
மலையேறி வந்ததும் உடனே நிறுத்தாதே.
ஓடுகிற எண்ணெய்தான் டர்போவைக் குளிர்விக்கும்.
நிறுத்தினால் அது அங்கேயே கரியாகும்.
இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தில் ஜோஸ்லின் வந்துவிட்டாள்.
கட்டு இல்லை, லேசாக விந்தினாள்.
என் பக்கத்துக் கதவைத் திறந்து
என் கால்களை நகர்த்தச் சொல்லி
உள்ளங்கையைத் தரையில் வைத்தாள்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
ரெஜிஸ் வாயைத் திறந்தான், மூடினான்.
கையை அவள் எடுக்கவில்லை.

என்னைப் பார்த்துக் கேட்டாள்: எத்தனை நாள் தாங்கும்?
மழைக்காலம் முடிந்ததும் பிரித்துப் பார்க்கணும்,
போர்த்தின இடத்தில்தான் ஈரம் நிற்கும்,
துரு தெரியாமல் பிடிக்கும் என்றேன்.
அவள் தலையாட்டினாள்.
இவன் மறந்துவிடுவான் என்றாள், கோபமில்லாமல்.

கடையில் புது விரிப்பு இருக்கிறது, தரட்டுமா?
வேண்டாம். இதுவே கிடக்கட்டும்.

இப்போது நிறுத்தலாம் என்றேன்.
நிறுத்தினான்.

காப்பி குடித்தோம். கூலியில் பாதி பணம்,
பாதி பருப்பு.
இருட்டும் முன் அவன்தான்
என்னைக் கீழே சேன் லூயியில் கொண்டுவிட்டான்.
ஏதோ ஒரு வளைவில்
என் குதிகாலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.