பத்துக்குக் குறைந்த ஊர்

மழை நிவாரணப் பட்டியலைத் திறந்து வைக்கச் சொல்லி
சென்னையிலிருந்து தாள் வந்திருக்கிறது.
யாரும் பார்க்கலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம்.
திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸ் மாடியில்
ஒப்பந்தச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் நான்தான்
எந்தப் பத்தி வெளியே போகும், எது உள்ளே நிற்கும் என்று
பார்க்க வேண்டுமாம்,
ஷட்டர் தூக்குகிறவன் மாதிரி.
அவனுக்காவது மதகுச் சுவரில்
அடிக்கணக்கு எழுதியிருக்கும்.

போன வருஷம் எல்லாவற்றையும் விட்டோம்.
பெயர், புருஷன் பெயர், புல எண், செல்போன்,
தொகை, பாங்கு, கிளை.
எட்டாம் நாள் தையல்நாயகிக்கு ஒரு போன்.
பாங்கிலிருந்து பேசுகிறோம் அம்மா,
உங்க பணம் இரண்டாயிரத்து எண்ணூற்று தொண்ணூறு நிக்குது.
காசு பிசகாமல் சொன்னான்.
பிசகாமல் சொல்கிறவனை எப்படி நம்பாமல் இருப்பது?
மகளிர் குழுக் கடனும் சேர்த்துப் போய்
கணக்கில் மிச்சம் முப்பத்தொரு ரூபாய்.

அதே பட்டியலைத்தான்
டீக்கடையில் ஒரு பையன் போனில் விரித்துவைத்து
பக்கிரிசாமி யாருடா என்று கேட்டான்.
செத்து நாலு வருஷமான பக்கிரிசாமிக்கு
ஒரு வேலி மூழ்கியதாம்.
பணம் போய்ச் சேர்ந்த வீட்டில் புது ஏசி.
பட்டியல் பூட்டிக் கிடந்திருந்தால்
அந்த ஏசித் தண்ணீர் இன்னும்
சத்தமில்லாமல் சொட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் இந்த முறை
பாதுகாப்பு முக்கியம் என்று மேலதிகாரி சொன்னபோது
யாருக்கு சார் என்று வாய்வரை வந்தது.
கேட்கவில்லை.
மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது.

பெயரை அழித்தேன். எண்களை அழித்தேன்.
தெருப் பத்தியில் கை நின்றது.
தெரு தெரிந்தால் போதும் இங்கே,
அப்புறம் எவனும் எதையும் கேட்க மாட்டான்.
அழித்தேன்.
மிஞ்சியது: கீழப்படுகை, பெண், ஒன்றே கால் மா.
கீழப்படுகையில் பட்டா உள்ளவர்கள் ஆறே பேர்.
அதில் பெண் ஒருத்திதான்.
வரப்பே கூப்பிட்டுச் சொல்லிவிடும்
தையல்நாயகி என்று.

பத்துக்குக் குறைந்தால் பக்கத்து ஊரோடு சேர்க்கவும்,
தாளின் பின்பக்கத்தில் இருந்தது விதி.
நல்ல விதி.
மேலப்படுகையின் நாற்பத்தொரு பேருக்குள்
ஆறு பேரையும் கரைத்தேன்.
அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நேற்று மாடிப்படி ஏறி வந்தாள்.
எங்க ஊரைக் காணோமே.
காட்டினேன். சேதம், சராசரி முப்பத்தெட்டு சதவீதம்.
மேலப்படுகைக்கு வடிகால் உண்டு.
கீழப்படுகையில் பதினோரு நாள்
கதிர் நுனிகூடத் தெரியவில்லை.
முழுசும் போச்சுன்னு எழுதிக்கிட்டுப் போனீங்களே, அது எங்க?
ஐம்பதைத் தாண்டிய ஊருக்குத்தான்
இந்த வருஷம் வடிகால் வெட்டுகிறார்கள்.

உங்களுக்காகத்தான் மறைச்சேன் என்றேன்.
போன் நம்பரை மறைங்க.
தண்ணி நின்ன உசரத்தை எதுக்கு மறைச்சீங்க?

இரண்டும் ஒரே வரிசையில் இருந்தன என்று
அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.
எவ்வளவு உசரம் என்று கேட்டேன்.
இடுப்புக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள்,
கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு விரற்கடை ஏற்றினாள்.

அதற்குப் பத்தி இல்லை.
புதிதாக ஒன்று திறந்து,
ஆள் பெயரில் அல்ல, வாய்க்கால் பெயரில்
நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
விடுவார்களா தெரியவில்லை.