காரணம் நான்கு

களியக்காவிளையில் சாலைக்குக் குறுக்கே
பந்தல் போட்டு என்னை உட்காரவைத்தார்கள்.
கல்யாணப் பந்தல்காரர் கொடுத்த துணி,
ஓரத்தில் ஜிகினாக் குஞ்சலம் ஆடியது.
ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒப்பந்த வேலை,
நாளொன்றுக்கு நானூற்றுப் பத்து.
நெற்றிக்கு நேரே துப்பாக்கி நீட்டிக்
காய்ச்சல் பார்க்கிறவள் ஸ்டெல்லா பாய்.
அனுமதி பார்க்கிறவன் நான்.

பெரிய சாலைக்குத்தான் பந்தல்.
ஊர்ச்சாலைகளுக்கு மண்.
ராத்திரியில் டிப்பர் வந்து கொட்டிவிட்டுப் போனது.
பனச்சமூட்டில் விடியற்காலை
பால்காரன் ஒருத்தன் தூக்குவாளியோடு நின்றான்;
மண்ணுக்கு இந்தப் பக்கம் அவன்,
அந்தப் பக்கம் அவன் மாடு, கத்திக்கொண்டு.

விண்ணப்பத்தில் மூன்று தேவைகள் உண்டு:
மருத்துவம், திருமணம், இறப்பு.
இறப்புக்கு உடனே கிடைக்கும்.
மருத்துவத்துக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியின்
கடிதம் வேண்டும்.
கடிதம் வாங்க அந்தப் பக்கம் போக வேண்டும்.
போக, அனுமதி வேண்டும்.
சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.
அப்போதும் யாரும் சிரிக்கவில்லை.

றசலையன், ஐம்பத்திரண்டு வயது, ரப்பர் பால்வெட்டு.
செவ்வாயும் வெள்ளியும் பாறசாலையில் டயாலிசிஸ்,
பஸ்ஸில் பத்து நிமிஷம், மூன்று வருஷமாக.
செவ்வாய்க்கிழமை வந்தார்.
திரையில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.
சிவப்பை அமுக்கினால் காரணம் கேட்கும்.
நான்கு: ஆவணம் போதாது.
'ஆசாரிப்பள்ளம் போங்களேன்' என்றேன்.
'அங்க எல்லாம் கொரோனா வார்டாக்கியாச்சு மக்கா,
மெஷின பூட்டிப் போட்டாச்சு.'
குனிந்து செருப்பைக் கழற்றிக் காட்டினார்.
வார் பதிந்த பள்ளம்
நான் பார்த்துக்கொண்டிருந்தவரை நிரம்பவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தார். நான்கு.

ஞாயிறு அவருடைய மகன் வந்தான்.
நெய்யாற்றின்கரையிலிருந்து சித்தப்பா வரவேண்டும்.
தேவை: இறப்பு.
இரண்டு நிமிஷத்தில் பச்சை.

சடலத்திலிருந்தும் சளி எடுத்தார்கள்.
பிளாஸ்டிக்கில் சுற்றி மூன்று நாள் வைத்தபின்
முடிவு வந்தது, தொற்று இல்லை.
அன்று மாலை சென்னையிலிருந்து வந்த பட்டியலில்
சாவு என்ற கட்டத்தில்
எங்கள் மாவட்டத்துக்கு நேரே சைபர்.
அங்கேயும் சைபர் என்று
சாயாக்கடை மலையாள டிவி சொன்னது.
'நல்லா புடிச்சு நிறுத்திட்டீங்கடே' என்று
தாசில்தார் பந்தலில் எல்லாருக்கும் சாயா வாங்கித் தந்தார்.
சர்க்கரை தூக்கல்.
குடித்தேன்.

மூடியது தப்பென்று சொல்லிவிட முடியவில்லை.
மூடியதால் பிழைத்தவர்கள் இருப்பார்கள்,
நானே அதில் ஒருவனாக இருக்கலாம்.
அவர்களுக்கும் பட்டியல் கிடையாது.

மழைக்காலம் முடிந்து மண்ணை அள்ளினதும் அதே டிப்பர்.
கொட்டினதற்கு ஒரு பில், அள்ளினதற்கு ஒரு பில்.
பனச்சமூட்டு மேட்டில் அதற்குள்
யாரோ நட்ட மரச்சீனிக் கம்பு
முழங்கால் உயரம் வந்திருந்தது.
அதையும் சேர்த்துத்தான் அள்ளினார்கள்.

இப்போது எனக்கு விளவங்கோடு தாலுகா ஆபீஸில் வேலை,
தலைக்கு மேல் மின்விசிறி.
கொரோனாச் சாவுக்கு ஐம்பதாயிரம் என்று அறிவித்த வாரம்
வரிசையில் தங்கநேசம் வந்தாள்,
றசலையன் மனைவி, கையில் இறப்புச் சான்று.
'அவருக்கு அந்தச் சீக்கு இருந்துன்னு
ஒண்ணு எழுதித் தர முடியுமா சாரே?'
'இல்லைன்னு முடிவு வந்திருக்கே.'
'அப்பம் வேற எதுல செத்தாருன்னு போட்டிருக்கு?'
வாசித்தேன். சிறுநீரகம்.
'அதுக்குப் பைசா உண்டா?'

'ஆவணம்' என்று ஆரம்பித்தேன்.
பின்னால் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த மகன்
நிமிர்ந்தான்.
பந்தலில் என் முகத்தை அவன் கண்டதில்லை,
மூக்குக்குக் கீழே எல்லாம் துணி.
குரலுக்கு ஏது துணி.

மீதியைத் துண்டுத்தாளில் எழுதிக்காட்டினேன்,
தொண்டை சரியில்லை என்று சைகை செய்து.
அவள் பாவம், வெந்நீர் குடிக்கச் சொன்னாள்.