எடைக்கு

கப்பல் எங்கும் போகவில்லை.
ஆறுதான் ஒரு மழைக்கால இரவில் எழுந்து
ஒன்றரை மைல் கிழக்கே தள்ளிப் படுத்துக்கொண்டது.
மக்தலேனா அப்படித்தான், சொல்லிக்கொள்ளாது என்றார்கள்.
நாங்கள் போய்ச் சேர்ந்தபோது
மேய்ச்சல் நிலத்தின் நடுவே
மாடுகள் முதுகு சொறிந்து சொறிந்து
இடுப்புயரத்துக்குப் பளபளத்த இரும்பு.
பெயரில் மூன்றெழுத்து மிச்சம்.

நான் பாரன்கியாவிலிருந்து வந்த வெட்டுக்காரன்.
ஆறு சிலிண்டர், கடன் வாங்கிய லாரி,
கூட என் மைத்துனன் எவாரிஸ்தோ.
கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு.

முதல் நாள் கொதிகலனைத் திறந்தோம்.
தேனீ.
எவாரிஸ்தோ சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு
வேலிவரைக்கும் ஓடினான்.
ஈரப்புல் கொளுத்திப் புகை காட்டி
மறுநாள்தான் உள்ளே போனேன்.

அடுப்பு வாய்க்குப் பக்கத் தகட்டில்
யாரோ ஆணியால் கீறிய கணக்கு:
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
ஒவ்வொரு கோடும் ஒரு சுமை விறகு.
எண்ணூறு வரை எண்ணினேன், கழுத்து வலித்தது.
எல்லாம் இந்தக் கரையில் நின்ற மரங்கள்.
மரம் போனதும் கரை பிடி விட்டது,
கரை சரிந்து ஆறு மேடானது,
அந்த மேட்டில்தான் இது முட்டி நின்றது.
தின்று தின்றே தரைதட்டிய பிராணி.
இப்போது மேல்தளத்தைப் பிளந்துகொண்டு
ஓர் இலவமரம். பஞ்சு வெடிக்கிற பருவம்.
நான் ராகுல் வெளிச்சத்தில் வெட்ட வெட்ட
என் கண்ணாடியில் வந்து ஒட்டியது.

மூன்றாம் நாள் எவுதோசியா பாயாரேஸ் வந்தாள்.
ஒரு கையில் வெட்டரிவாள்,
மறு கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு காகிதம்.
பின்சக்கரத்தைத் தொடாதே என்றாள்.

ஆறு விட்டுப்போன நிலம்.
சக்கரத்துக்கு இந்தப் பக்கம் அவளுக்கு,
அந்தப் பக்கம் அண்ணனுக்கு.
'கப்பலின் சக்கரம் முதல் வேலி வரை' என்று
தட்டச்சில் இருந்தது, முத்திரையோடு.
இது போனால் என் மரவள்ளி எங்கே தொடங்கும்?

ஒரு கல் நட்டுத் தருகிறேன் என்றேன்.
சிரித்தாள்.
'கல்லை அவன் ராத்திரியில் நகர்த்துவான்.
இதை நகர்த்த ஆறுதான் வரணும்.'

நான்கு டன் தேறும் அந்த அச்சு மட்டும்.
எவாரிஸ்தோ என்னைப் பார்த்தான்,
நான் அரிவாளைப் பார்த்தேன்.
பிறகு காகிதத்தை.

எடைமேடையில் முதலாளி கேட்டார்,
என்னய்யா குறைகிறது?
துரு தின்றுவிட்டது என்றேன்.
எழுதிக்கொண்டார், நம்பவில்லை.

திரும்பும்போது லாரியில்
பெயிண்ட் டப்பா நிறையத் தேன்,
கொஞ்சம் கரி வாசனையோடு.
எவாரிஸ்தோ வழிநெடுக விரல்விட்டு நக்கிக்கொண்டு வந்தான்.
ஒரு காது மட்டும் இன்னும்
வீங்கியே இருந்தது.