ஐந்துக்கு ஒன்றரை

ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம்.
பாண்டுப்பில், மூன்றாம் மாடியில்,
சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்கும்
இரும்புக் கூண்டுதான் என் தோட்டம்.
பட்டா கிடையாது.
மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு.

மே கடைசிக்குள்
துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடிக்க வேண்டும்.
கறிவேப்பிலையை முழங்கால் உயரத்துக்கு ஒடிக்க வேண்டும்.
தொட்டிகளின் கழுத்தில் சணல் சுற்றிக்
கம்பியோடு இறுக்க வேண்டும்.
மழைக்காற்று எதைத் தூக்கும்,
எதன் தலையில் போடும் என்று சொல்ல முடியாது.
கீழே நிற்பது
செயலாளர் சாளுங்கேயின் புதுக் கார்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.
மற்ற நாளில் விடிகாலை நாலரைக்குக்
குழாய் இருமியதும்
முதல் குவளை செடிக்கு, இரண்டாவது டீக்கு.
டீ கொதிப்பதற்குள் இரண்டாம் மாடியிலிருந்து
"பாணீ…!"
பெட்ணேகர் காக்கூ காயப்போட்ட நைட்டிமேல்
என் தொட்டி சொட்டிவிட்டதாம்.
தட்டு வைத்திருக்கிறேன்.
தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டும் வைத்திருக்கிறேன்.
தண்ணீருக்கு வழி தெரிகிறது.

முலுண்டிலிருந்து வந்த எரு மூட்டையை
உதறிக் கொட்டிய செம்பருத்தித் தொட்டியில்
ஜூலையில்
நான் விதைக்காத ஒன்று முளைத்தது.
களைதான். விரல் நீண்டது.
அன்று பிடுங்க நேரமில்லை;
இரக்கம் என்று எழுதினால் பொய்.

பத்து நாள் மழை விடவில்லை.
லிப்ட் இல்லாத கட்டடத்தில்
நத்தைகள் மூன்று மாடி ஏறி வந்து
மிளகாய் நாற்றைத் தின்றுவிட்டுப் போயின.
ரயில் நின்றுபோன ஓர் இரவு
காட்கோபரிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து
விளக்கைப் போட்டால்
அது என் இடுப்புயரம்.
இலை ஒவ்வொன்றும் ஐந்து விரலாய்ப் பிரிந்து
ஓரமெல்லாம் ரம்பப் பல்.
அழகு என்று நினைத்தேன்.

சாளுங்கே வேறு நினைத்தார்.
அவரும் பொருளாளரும் காவலாளியும்
செருப்பை வெளியே விட்டு
என் சமையலறையில் நின்றார்கள்.
"மேடம், இது கஞ்சா."
போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.
ஒத்துத்தான் இருந்தது.
பகலெல்லாம் பரிசோதனைக்கூடத்தில்
ஊரார் ரத்தத்துக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள்,
என் செடிக்கு ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.
"தானா முளைச்சுது" என்றேன்.
"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க" என்றார் காவலாளி.

ஈர நைட்டியைக் கையில் பிடித்து
சண்டைக்கு ஏறிவந்த காக்கூ
எங்களை விலக்கி, கம்பிக்குள் கையை விட்டு
ஓர் இலை கிள்ளி
மென்றார்.
கண்ணை மூடினார்.
"அம்பாடி."
நானும் மென்றேன்.
இரண்டு தாடையிலும் எச்சில் சுரந்து
என் நாக்கு தமிழில் சொன்னது:
புளிச்சகீரை.
சாளுங்கேயின் முகம் சுருங்கியபோது
போன் அவர் கையிலேயே இருந்ததுதான் குறை.

பாதியை ஒடித்துப் போனார் காக்கூ.
அரிசிக் குருணையோடு கடைந்து
பூண்டு தாளித்து ஒரு கிண்ணம் மேலே வந்தது.
துவையலோடு திரும்பிப் போனது.
மிளகாய் அதிகம் என்று தகவல்.
மறுநாள் நாலரைக்கு
"பாணீ…!"

அக்டோபரில் கம்பியைத் தொட்டால் சுட்டது.
இலை முற்றித் தண்டு நாராகி முள் வைத்தது.
பிடுங்கிவிடலாம் என்றிருந்தேன்.
நவம்பரில் ஒரு நாள், வேலை விட்டு வந்தபோது
கசக்கி எறிந்த பஸ் டிக்கெட் மாதிரி
நுனியில் ஒரு பூ.
நான் இல்லாத பகலில்
விரிந்து முடிந்திருக்கிறது.

மறுநாள் 7.42 வண்டியை விட்டேன்.
எதிர்க் கட்டடத்தைத் தாண்டி வெயில் வர
எட்டு இருபது ஆயிற்று.
வெளிர் மஞ்சள்.
உள்ளே, ஆழத்தில், கருஞ்சிவப்பு:
குழாயின் அடியில் ரத்தம் உறையும்போது
நான் பார்க்கிற அதே நிறம்.
இத்தனை வருடத்தில் அதை
ஒருமுறையும் நிறம் என்று பார்த்ததில்லை.

குனிந்து காக்கூவைக் கூப்பிட்டேன்.
துணி உதறிக்கொண்டிருந்தவர் அண்ணாந்தார்.
ஒரு சொட்டு, சரியாக நெற்றியில்.
இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

இல்லை, சொன்னார்.
கொஞ்சம் தாமதமாக.